உப்புக் காற்றில் இரண்டு வருடம்: என் வீட்டு ஜிம் சாமான்களின் இன்றைய நிலவரம்

இன்று காலை, எடைத் தட்டு மாட்டித் தூக்குகிற ஐந்தடி ராடைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தேன். குறுக்காக ஒரு காவிக் கோடு, மருதாணி வைத்துக் கழுவிய மாதிரி. உறவில் ஒரு கல்யாணம் என்று நான்கு நாள் காஞ்சிபுரம் போயிருந்தோம். வீட்டில் ராடைத் துடைக்க ஆள் இல்லை. அந்த நான்கு நாளில் வடசென்னை ராயபுரத்துக் கடல் காற்று தன் வேலையைக் காட்டிவிட்டது.

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய என்ன சாமான் வாங்கலாம் என்று நான் தேடியபோது படித்த விமர்சனங்கள் எல்லாம் அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்று எழுதியவை. "சூப்பர் குவாலிட்டி", "பளபளன்னு இருக்கு", ஐந்து நட்சத்திரம். அன்றைக்குப் பளபளக்காமல் என்ன செய்யும்? காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்து விளக்கு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற வீட்டில் அது இரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். 2023 செப்டம்பரில் வாங்க ஆரம்பித்தேன். எது நிற்கிறது, எது போய்ச் சேர்ந்தது என்று இப்போது சொல்ல முடியும்.

எனக்கு 49 வயது. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பில்லிங் வேலை. இருபது வருடமாக நாற்காலியும் நானும். மாதவிடாய் நின்ற அடுத்த வருடம் முதுகுவலி என்று போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு அடர்த்தி குறைய ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. தினமும் நடக்கிறேனே என்றேன். "நடங்க, நல்லதுதான். ஆனா எலும்புக்கு அது மட்டும் பத்தாது. வெயிட் தூக்குங்க" என்றார். அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையிலேயே இரண்டும் இருக்கிறது: வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை மாதிரியான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. நம் ஊரில் முதல் பாதியை மட்டும் எல்லோரும் கேட்டு வைத்திருக்கிறோம்.

ஜிம்முக்குப் போகத்தான் முதலில் நினைத்தேன். வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒன்று இருக்கிறது. லேடீஸ் டைமிங் காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது என்ன நேரம்? சாயங்காலம் வரட்டுமா என்று கேட்டதற்கு, "பசங்க நிறைய இருப்பாங்கக்கா, உங்களுக்குத்தான் சங்கடம்" என்றார் அங்கிருந்தவர். எனக்கு ஒரு சங்கடமும் இல்லை என்றேன். அவருக்கு இருந்தது.

ஆக, வீடு. என் மகன் வேலை கிடைத்து ஓசூர் போனபின் காலியான அறை, ஒன்பதுக்குப் பத்தடி. இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த ஜன்னல். கடல் அங்கிருந்து எழுநூறு மீட்டர் இருக்கும்.

கடைக்குக் கிளம்பும் முன்பு அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு 76 வயது. நாற்பது வருடம் லேத் ஓட்டியவர். இளவட்டத்தில் தெருமுனைக் கொட்டகையில் கர்லாக்கட்டை சுழற்றியவர். பெயிண்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நடுவில் பைப்பை நட்டுக் காயவைத்து எடை செய்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. எங்கள் பக்கம் குத்துச்சண்டைக்கும் கேரத்துக்கும் பேர் போனது. கையில் காசில்லாமல் உடம்பைத் தேற்றுவதற்கும் பேர் போனது என்று நான் சேர்த்துக்கொள்வேன். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "இரும்பு வாங்கப் போறியா, மெஷின் வாங்கப் போறியா?" இரும்பு என்றேன். உள்ளே போய் ஒரு காந்தத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டு மீன்கார அக்காவிடம் கொக்கித் தராசைக் கடன் கேட்டார், பேட்டரியில் ஓடுகிற சின்னத் தராசு. வஞ்சிரம் எடை போடுகிற அதே தராசோடு இரண்டு பேரும் பெரியமேட்டுக்குப் போனோம்.

நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி விளையாட்டுச் சாமான் கடைகள் நிறைய. நம் நாட்டில் இந்தச் சரக்கு பெரும்பாலும் ஜலந்தரிலும் மீரட்டிலும்தான் தயாராகிறது. முதல் கடையில் என்னைப் பார்த்ததும், "வெயிட் லாஸா மேடம்? ட்ரெட்மில் பாத்துடுங்க" என்று ஆரம்பித்தார் விற்பனைப் பையன். 34,000 ரூபாய். எடை தூக்கவேண்டும் என்றேன். போய் ரோஸ் கலரில் ஒரு கிலோ டம்பெல் ஜோடியைக் கொண்டுவந்து வைத்தான். "லேடீஸ் எல்லாம் இதான் மேடம் எடுப்பாங்க." வாரத்துக்கு மூன்று முறை 20 லிட்டர் தண்ணீர் கேனை இரண்டு மாடி ஏற்றுகிறேன், இதை வைத்து நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். பையன் சிரித்துவிட்டான், நல்ல பையன்தான். அதன்பிறகு ஒழுங்காகக் காட்டினான்.

அங்கேதான் அப்பாவின் பை திறந்தது. ஐந்தடி ராட் ஒன்றை ஸ்டெயின்லெஸ் என்று சொன்னார் கடைக்காரர். அப்பா ஒன்றும் பேசாமல் காந்தத்தை வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. கடைக்காரர், "எஸ்.எஸ். ஃபினிஷ்னு சொன்னேன் பெரியவரே" என்றார். சாதாரண இரும்பின் மேல் குரோம் முலாம், அவ்வளவுதான். காந்தம் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ் ரகமும் உண்டு, சமையல் பாத்திரத்தில் வரும். ஆனால் கடல் காற்றுக்குத் தாங்குகிற 304, 316 ரகங்களில் காந்தம் இப்படிப் பிடித்துக்கொள்ளாது. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விலை கூட்டினால் காந்தத்தை வையுங்கள்.

அடுத்தது தராசு. 10 கிலோ என்று அச்சு போட்ட வார்ப்பிரும்புத் தட்டு 9 கிலோ 400 காட்டியது. பக்கத்திலிருந்த இன்னொன்று 10 கிலோ 450. நான் ஏமாற்று வேலை என்று கோபப்பட்டேன். அப்பா, "மண்ணு அச்சுல ஊத்தற வார்ப்பு அப்டிதான் வரும், பாப்பா. மெஷின்ல கடைஞ்சாதான் சரியா வரும், அதுக்கு நீ வேற வெல குடுக்கணும்" என்றார். மொத்தத்தில் அரை கிலோ குறைந்தால் ஒன்றும் குடிமுழுகாது. ராடின் இந்தப் பக்கம் 9.4, அந்தப் பக்கம் 10.45 என்று மாட்டினால்தான் முதுகு கோணும். அதனால் தட்டு வாங்கும்போது ஜோடி ஜோடியாக எடை போட்டு வாங்கவேண்டும். என் தட்டுகள் ஒவ்வொன்றிலும் அதன் உண்மையான எடையை நெயில் பாலிஷால் எழுதிவைத்திருக்கிறேன்.

ராடு விஷயத்தில் ஒரு கணக்கு சொல்லவேண்டும், ஏனென்றால் பலரும் இதில்தான் காசை விடுகிறார்கள். பெரிய ஜிம்மில் இருக்கும் ஒலிம்பிக் ராட் 20 கிலோ, ஏழடிக்கு மேல் நீளம், சரியாகச் சொன்னால் 2.2 மீட்டர். அதன் முனை 50 மில்லிமீட்டர் தடிமன். வீட்டுக்கு என்று விற்கிற சாதா ராட் 25இலிருந்து 28 மில்லிமீட்டர். இதன் தட்டு அதில் நுழையாது, அதன் தட்டு இதில் ஆடும். ஒரு தடவை ஒரு அளவில் இறங்கினால் பிறகு வாங்குகிற ஒவ்வொரு தட்டும் அதே அளவுதான். என் அறையின் ஒன்பதடிப் பக்கத்தில் ஒலிம்பிக் ராடைப் போட்டால் இரண்டு முனைக்கும் ஒரு முழம்கூட இருக்காது. தட்டை மாட்டவும் கழற்றவும் நான் சுவரோடு ஒட்டி நண்டு மாதிரி நடக்கவேண்டும். அதனால் சாதா ராட், ஐந்தடி, 28 மில்லிமீட்டர், 2,200 ரூபாய். குரோம் முலாம் என்று தெரிந்தே வாங்கினேன். அப்பாவுக்கு அரைமனது. அவர் அரைமனது எவ்வளவு சரி என்பது பின்னால் தெரிந்தது.

தட்டுகளை அங்கே வாங்கவில்லை. புதுசு கிலோ 130 சொன்னார்கள். அதே மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு ஜிம் வாடகை கட்டுப்படியாகாமல் மூடிச் சாமான்களை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கிலோ 75 ரூபாய். 60 கிலோ எடுத்தோம். வார்ப்பிரும்புத் தட்டில் பழசு புதுசு என்று ஒன்றும் கிடையாது. தேய்கிற பாகம் இல்லை, அறுகிற கம்பி இல்லை. விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது தொண்டை கட்டின மாதிரி சொத்தென்று கேட்கும். அப்பா பன்னிரண்டு தட்டையும் தட்டிப் பார்த்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

துரு ஏறிப்போயிருந்த அவற்றைத் தேற்றிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த இரண்டு வருடத்தில் எனக்கு மிஞ்சிய அறிவு இது ஒன்றுதான்.

நான் நேராக மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா பிரஷைப் பிடுங்கி வைத்தார். முதலில் நல்ல தண்ணீர். துருப்பிடித்த இரும்பைத் தண்ணீரில் கழுவுவதா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி ஏன் கசிகிறது என்று கேட்டார். உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருந்தால் வெயில் நாளில்கூட இரும்பு நனைந்தேதான் இருக்கிறது. அதன்மேல் எண்ணெயைப் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டுகிற மாதிரி. எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதுவும் மெட்ரோ வாட்டர். எங்கள் போர் தண்ணீர் அதுவே பாதி உப்பு.

கழுவி, உதறி, மாடி வெயிலில் சூடேறும்வரை போட்டு, பிறகுதான் கம்பி பிரஷ். பொடி பொடியாகக் கொட்டியது. கை, மூக்கு, தாவணித் துணி எல்லாம் செம்மண். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அது ஆறினதும், காத்திருக்காமல் ரெட் ஆக்சைடு பிரைமர். ஒரு ராத்திரி விட்டால் காலையில் மறுபடி மெல்லிசாகத் துரு பூத்திருக்கும். எங்கள் மாடியில் அது மூன்று மணி நேரத்திலேயே பூக்கிறது. பிரைமர் காய்ந்தபின் கறுப்பு எனாமல் இரண்டு கோட்டிங்.

ஏழு தட்டு முடித்திருந்தோம். மீதி நான்கு அப்பா வீட்டுத் தரைத்தளத்தில் சுவரோரம் சாய்ந்திருந்தன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை வந்தது. அப்பா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், வடிய இரண்டு நாள். வடிந்தபின் பார்த்தால் பெயிண்ட் அடிக்காத நான்கும் அதிரசம் மாதிரி உப்பிப்போயிருந்தன. மேலே கொண்டுபோக மறந்து அங்கேயே கிடந்த பெயிண்ட் அடித்த தட்டு ஒன்று சேற்றைக் கழுவியதும் அப்படியே இருந்தது. 75 ரூபாய் இரும்பில் நான் முதல் மதிப்பெண் கொடுப்பது அந்த எனாமலுக்குத்தான். இரண்டு வருடம் கழித்து இன்றைக்கும் தட்டுகள் நன்றாக இருக்கின்றன. ராடு உரசுகிற நடு ஓட்டையில் மட்டும் பெயிண்ட் நிற்பதில்லை, அங்கே கிரீஸ்.

ராடின் கதைக்கு வருகிறேன். குரோம் முலாம் எட்டாவது மாதம் விட்டது. முதலில் நட்டு மாட்டுகிற மரையில், பிறகு கை பிடிக்கிற நர்லிங்கில். சொரசொரப்பாக இருக்கவேண்டும் என்று கோடு கோடாகக் கீறி வைத்திருக்கிற இடம் அது. ஒவ்வொரு கீறலிலும் வியர்வை போய் உட்காரும். வியர்வையும் உப்புதான். மலிவு முலாம் மெல்லிசு, அதில் ஊசிமுனை ஓட்டைகள் இருக்கும், துரு அடியில் ஊர்ந்து முலாமை வெங்காயத் தோல் மாதிரி தூக்கிவிடும். உரிந்த முலாம் விரலில் ஏறினால் நல்ல வலி. பழைய பல்துலக்கும் பிரஷால் வாரம் ஒருமுறை தேய்த்து, ஈரத்துணி, காய்ந்த துணி, தையல் மெஷின் எண்ணெய் என்று காப்பாற்றி வருகிறேன். நான்கு நாள் விட்டால் காவிக் கோடு.

ரப்பர் போட்ட அறுகோண டம்பெல், ஐந்து கிலோ ஜோடி, 1,600 ரூபாய். இதை யாருக்கும் தயங்காமல் சொல்வேன். கீழே வைத்தால் உருளாது, சத்தம் குறைவு. கைப்பிடி ரப்பருக்குள் நுழையும் விளிம்பில் மட்டும் ஒரு வளையமாகத் துரு. வாங்கின புதுசில் அறை முழுக்க டயர் கடை வாசனை, மூன்று வாரம். வெள்ளை டைல்ஸ் மேல் நேராக வைக்காதீர்கள், கறுப்புத் தழும்பு விழும். என் வீட்டில் இரண்டு இருக்கின்றன, மாமியாருக்கு இன்னும் தெரியாது.

இணையத்தில் வாங்கிய 20 கிலோ பி.வி.சி. செட்டைப் பற்றி எனக்கே குழப்பமான தீர்ப்புதான். 1,700 ரூபாய்க்குத் தட்டு, இரண்டு சின்ன ராட், கையுறை, ஸ்கிப்பிங் கயிறு என்று அள்ளிக் கொடுத்தார்கள். தட்டில் காந்தம் ஒட்டவில்லை. பிளாஸ்டிக் தோலுக்குள் சிமென்ட். எல்லோரும் கேவலமாகப் பேசுகிற சாமான். ஆனால் கடல் காற்று அதைத் தொடக்கூட இல்லை! அப்பாவின் பெயிண்ட் டப்பா எடைகளின் பேரப்பிள்ளை. குறை வேறு. சிமென்ட் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு கனம்தான் என்பதால் தட்டுகள் தலையணை மாதிரி தடிமன். நான்கு மாட்டினால் ராடில் நட்டுக்கு இடமில்லை. மாடியில் வெயிலில் விட்ட ஒன்று தையல் ஓரம் வெடித்து மணல் கொட்ட ஆரம்பித்தது. கூட வந்த சின்ன ராடுகளின் மரை முதல் மாதமே மழுங்கிவிட்டது. ஆரம்பிக்கிறவர் 10 கிலோவுக்குள் பழக இது போதும். நிழலில் வையுங்கள்.

பெஞ்ச் எங்கள் பக்கத்துப் பட்டறையில் செய்தது. 4,800. இரண்டு அங்குலச் சதுரப் பைப், 14 கேஜ், அதாவது சுவர் கனம் இரண்டு மில்லிமீட்டர். கடையில் அழகாக இருந்ததெல்லாம் அதைவிட மெல்லிசான 16 கேஜ். படுத்துக்கொண்டு இடுப்பை ஆட்டினால் கூடவே ஆடியது. பட்டறைப் பெஞ்ச் ஆடவில்லை. ஆனால் முதல் மழைக்காலத்தில் காலடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து தரையில் காசளவு வட்டம் போட்டது. வெளியே பெயிண்ட் ஜோராக இருக்க, மூடி போடாத பைப் முனை வழியாக ஈரம் உள்ளே போய் உள்ளுக்குள்ளிருந்து அரித்திருக்கிறது. அப்பா வண்டிக்கு மாற்றின பழைய எஞ்சின் ஆயிலை உள்ளே ஊற்றி நாலு பக்கமும் சுழற்றி வடித்து, பிளாஸ்டிக் மூடி அடித்தார். பதினைந்து ரூபாய் மூடி. நீங்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் குனிந்து பைப் முனையைப் பாருங்கள்.

புல்-அப் பார் சுவரில் அடித்தது. கதவு நிலைக்கு நடுவில் திருகி நிறுத்துகிற வகை வேண்டவே வேண்டாம். நிலை மரம் பழசாக இருந்தால் வழுக்கும், விழுந்தால் இடுப்பு. ஜிங்க் (துத்தநாக) முலாம் போட்ட ஒரு அங்குல ஜி.ஐ. பைப்பில் செய்யச் சொன்னோம். ஜி.ஐ. பைப்பில் மஞ்சள் பட்டை லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. சிவப்புதான் வாங்கினோம். வெல்டிங் முடித்துக் கொண்டுவந்ததும் அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, வெல்டு வெச்ச எடத்துல ஜிங்க் எரிஞ்சி போய்க்கீது, அப்டியே எட்த்தாந்துட்ட?" என்று அந்தத் தம்பியைத் திருப்பி அனுப்பினார். அந்த மூட்டுகளில் ஜிங்க் பெயிண்ட் அடித்து மாட்டியது. இன்றுவரை ஒரு புள்ளி துரு இல்லை. நான் இன்னும் ஒரு புல்-அப் முழுசாக எடுத்ததில்லை. தொங்குகிறேன், ஐம்பது விநாடி. தோளுக்கு அதுவே சுகம். மகன் வரும்போது அவன் எடுக்கிறான், மற்ற நாளில் பெட்ஷீட் காய்கிறது.

தரைக்கு ரப்பர் டைல்ஸ் விலை கேட்டு மலைத்துப்போய் நின்றபோது பழைய இரும்புக் கடைக்காரர் காட்டியது கன்வேயர் பெல்ட் துண்டு. சரக்குத் தூக்கி ஓய்ந்த பெல்ட், அரை அங்குல கனம், உள்ளே துணி நெய்தது. ஆறடிக்கு நான்கடி 700 ரூபாய். ஆட்டோக்காரர் ஏற்ற மறுத்தார், மீன் ஏற்றுகிற மூன்று சக்கர சைக்கிளில் வந்தது. சோப்புத்தூள் போட்டு நான்கு முறை கழுவியும் முதல் தண்ணீர் கரிக்கறுப்பு, நான்காவது தண்ணீர் டீக்கறுப்பு. இதைவிட நல்ல விரிப்பு எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை. கீழ்வீட்டு அம்மா முன்பெல்லாம் துடைப்பத்தால் சீலிங்கைத் தட்டுவார், இப்போது தட்டுவதில்லை.

தளம் தாங்குமா என்ற பயம் வருவது நியாயம். கான்கிரீட் வீட்டு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கு வைத்துத்தான் இந்தியத் தரவிதி தளத்தை வடிவமைக்கச் சொல்கிறது. என் சாமான் எல்லாம் சேர்ந்து 115 கிலோ, அதுவும் அறை முழுக்கப் பரவி. பயமில்லை, தொப்பென்று போடாதவரை. ஆனால் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துவாக்கில் அடுக்கிய தளம். அப்பா வீடே அப்படித்தான். அந்த மாதிரி வீட்டில் மாடியில் எடை வைக்காதீர்கள்.

ட்ரெட்மில் நான் வாங்கவில்லை என்றாலும் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எர்ணாவூரில் நாத்தனார் வீட்டில் வாங்கினார்கள். பெட்டியின் மேல் மூன்று ஹெச்.பி. என்று பெரிதாக இருந்தது. அது ஒரு கணம் எட்டுகிற உச்சம். தொடர்ந்து ஓடும் சக்தி உள்ளே சின்ன எழுத்தில், ஒன்றரை. அதைக்கூட மன்னித்துவிடலாம். பதின்மூன்றாம் மாதம் மெஷின் பேச்சுமூச்சில்லாமல் நின்றது. சர்வீஸ் ஆள் திறந்து காட்டினார்: சர்க்யூட் போர்டின் செம்புக் கோடுகள் மேல் பச்சையாகப் பூத்திருந்தது. பித்தளைக் குத்துவிளக்கில் பார்ப்போமே, அந்தப் பச்சை. மோட்டாருக்குத்தான் மூன்று வருட வாரன்ட்டியாம், போர்டுக்கு ஒரு வருடமாம். போர்டு மாற்ற 9,000. கடற்கரையோரம் இருக்கிறவர்கள் எலக்ட்ரானிக்ஸ் உள்ள எதை வாங்கும் முன்னும் போர்டுக்கு எத்தனை வருடம் என்று மட்டும் கேளுங்கள். நாத்தனார் இப்போது விடிகாலையில் கடலோரம் நடக்கிறார்.

இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் பேண்ட் ஐந்து நிற செட், 900. லேடெக்ஸ், வெயிலுக்கும் சூட்டுக்கும் ஆகாது. ஜன்னல் கம்பியில் மாட்டியே வைத்திருந்த சிவப்பு பேண்ட் ஒருநாள் இழுக்கும்போது அறுந்து முழங்கையில் விளாசியது, பெல்ட் அடி வாங்கின மாதிரி. மீதி நான்கையும் டால்கம் பவுடர் பூசி டிபன் டப்பாவில் வைத்திருக்கிறேன். அவை மாமியாருக்கு. முட்டிவலிக்காரர். நாற்காலியில் உட்கார்ந்து மஞ்சள் பேண்டைப் பாதத்தில் மாட்டிச் சீரியல் முடியும்வரை நீட்டி மடக்குகிறார். இந்த அறையில் ஒருநாள்கூட விடுமுறை எடுக்காதவர் அவர்தான்.

மொத்தம் பெயிண்ட், பிரைமர் எல்லாம் சேர்த்து 18,900 ஆனது. இரண்டரைக் கிலோவில் தொடங்கிய நான் இப்போது தரையிலிருந்து 45 கிலோ தூக்குகிறேன். திரும்ப வாங்கச் சொன்னால் பி.வி.சி. செட்டை விட்டுவிட்டு அந்தப் பணத்தை ராடில் போடுவேன்.

அதைத்தான் இப்போது செய்யப் போகிறோம். இன்று காலைக் காவிக் கையை அப்பாவிடம் காட்டினேன். அவருடன் வேலை பார்த்தவர் ஒருவர் இன்னும் லேத் வைத்திருக்கிறார். 316 ஸ்டெயின்லெஸ், 304 கடல் பக்கம் காலப்போக்கில் டீக்கறை மாதிரி புள்ளி விடும், 316இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் கூடத் தாங்கும் என்கிறார் அப்பா. 28 மில்லிமீட்டர், ஐந்தடி, நர்லிங்கோடு 5,200 ரூபாய். பென்சிலால் காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டு எடை ஏழரைக் கிலோ வரும் என்றார்.

பேண்டை இழுத்துக்கொண்டிருந்த மாமியார் நிறுத்திவிட்டார். "ஏழரையைக் காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டாராங்களா? சம்பந்தி, ஒரு இஞ்ச் கூட்டிப் போடச் சொல்லுங்க."

ஒரு அங்குலம் கூட்டினால் ஏழு கிலோ அறுநூறு. அப்பா தாளில் அறுபது அங்குலத்தை அடித்துவிட்டு அறுபத்தொன்று என்று எழுதிக்கொண்டார்.